டீசல் கொப்பி

4ஆம் நம்பர் லொறியில் இருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

எங்கள் யார்ட் ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில் இருக்கிறது. மொத்தம் 11 லொறி. தோட்டத்து பெக்டரிகளில் தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கும். திரும்பும்போது பசளை, கோதுமை மா, அரிசி, சீமெந்து என்று கிடைப்பதை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். காலை ஐந்து மணிக்கு எல்லாம் புறப்பட வேண்டும். ஆனால் 4ஆம் நம்பரை மட்டும் நாலரைக்குப் பிறகு உடனேயே ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். இரவோடு இரவாக அதன் காற்று டாங்கி காலியாகிவிடும். எயார் பிரேக் லொறிக்குக் காற்று ஏறாமல் பின் பிரேக் விடாது. கிளீனர் தம்பி அக்ஸலரேட்டருக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு பிளேன்டி குடிக்கப் போவான். இருபது நிமிஷம் அது உறுமிக்கொண்டே நிற்கும். ஏன் என்று கேட்டால், "அந்த லொறி அப்படித்தான் அண்ணே" என்பான். நானும் பல வருஷமாக அதை அந்த லொறியின் குணம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

2022 வந்தது. 2021 டிசம்பரில் ஒட்டோ டீசல் ஒரு லீட்டர் 121 ரூபா. அடுத்த மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதம் 400, ஜூன் கடைசியில் 460. காசு வைத்திருந்தாலும் டீசல் இல்லை. பெற்றோல் செட் வரிசையில் எங்கள் லொறிகள் இரண்டு நாள், மூன்று நாள் என்று நின்றன. டிரைவர்மார் வரிசையிலேயே சோறு தின்று, சீட்டிலேயே படுத்தார்கள். பிறகு கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் ஒரு காலை, குளிரில் நின்று 4ஆம் நம்பரின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மனசுக்குள் கணக்கு ஓடியது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், மாசத்தில் 26 நாள். கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணித்தியாலம். அந்த அளவு என்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு 2 லீட்டர் போல குடிக்கும். மாசம் 17 லீட்டர், 460 ரூபா விலைக்கு ஏழாயிரத்து எண்ணூறு ரூபா. ஒரு முழம்கூட நகராமல் குடித்த டீசல் அது.

அன்றைக்கே மெக்கானிக் பாஸைக் கூப்பிட்டு சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு குழாய் மூட்டில் நுரை பொங்கியது. பின் பிரேக் சேம்பரின் ரப்பர் டயப்ரத்திலும் மெல்லிய வெடிப்பு. இரண்டையும் மாற்றிய செலவு அந்த ஒரு மாசத்து வீண் டீசல் காசைத் தாண்டவில்லை.

என்னை உறுத்தியது வேறு விஷயம். அதற்கு மூன்று மாசம் முன்னால் இதே லொறி கினிகத்தேனைக்கு மேலே ஒரு வளைவில் காற்று இறங்கி, பின் பிரேக் தானாக இறுகி, நடு ரோட்டில் நின்றுவிட்டது. அந்த வகைப் பிரேக் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும், வண்டி உருண்டு போகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்று ஐந்து மணித்தியாலம் ரோடு அடைபட்டது. பின்னால் நின்ற பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் வெடித்த குழாயை மட்டும் மாற்றிவிட்டு, பிழை முடிந்தது என்று வந்துவிட்டோம். காலையில் காற்று ஏற நேரம் எடுக்கிறது என்பதையும், ரோட்டில் நின்றதையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் இன்றைக்கு யார்ட்டில் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: டீசல் கணக்கு வேறு, பழுதுக் கணக்கு வேறு இல்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கிற லொறி எங்கேயோ ஒரு பிழையைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. நாம் தேடாவிட்டால் அந்தப் பிழை தானே ஒரு நாள் ரோட்டில் வெளியே வரும். மலைநாட்டில் அது வெளியே வருகிற இடம் பெரும்பாலும் ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மண்மேடு உள்ள வளைவாக இருக்கும்.

சரி, கணக்கு வைப்போம் என்று ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். லொறிக்கு ஐந்து பக்கம். கழுத்து வரை டாங்கியை நிரப்பி கிலோமீற்றரைக் குறிப்பது, அடுத்த தடவை கழுத்து வரை நிரப்பும்போது எத்தனை லீட்டர் பிடித்தது என்று எழுதி வகுப்பது. அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, 11 லொறியில் ஐந்தின் கிலோமீற்றர் மீட்டர் ஓடவே இல்லை. கேபிள் அறுந்து எத்தனை வருஷமோ. எண்ணெய் மாற்றுவதெல்லாம் அதுவரை ஞாபகத்தில்தான் நடந்திருக்கிறது. முதல் மாச வேலையே அந்தக் கேபிள்களாகப் போய்விட்டது.

அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றும் இருந்தது. அதுவரை எங்கள் வழக்கம், ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கொடுத்துவிடுவது. மிஞ்சினால் அது டிரைவரின் பாடு. பட்டாக் காசு குறைவான தொழிலில் அந்த மிச்சம்தான் பல வீடுகளில் பிள்ளைகளின் பஸ் காசு. கொப்பியைப் பார்த்ததும் எங்கள் மூத்த டிரைவர் அண்ணன் ஒரு மாலை என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, எங்களக் கள்ளன்னு எழுதத்தான் இந்தக் கொப்பியா?"

என் அப்பா 27 வருஷம் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். மழையில் ஏறிய கொழுந்து சூடாவதற்குள் பெக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. "இல்ல அண்ணே, லொறியத்தான் எழுதப் போறேன், உங்கள இல்ல" என்றேன். மூன்று மாசத்துக்கு ஒருவருடைய டீசலிலும் கை வைப்பதில்லை, ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று முதலாளியிடமும் பேசி வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மிச்சமாவதில் பாதி டிரைவருக்கும் கிளீனருக்கும் என்று முடிவானது. இன்றுவரை அப்படியே கொடுக்கிறோம். இந்த ஏற்பாடு இல்லாமல் கொப்பி மட்டும் வைத்திருந்தால் இரண்டாம் வாரமே பொய்க் கணக்குத்தான் வந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கொப்பியை எப்படிப் படிப்பது என்பதையும் பழக வேண்டியிருந்தது. ஒரு லொறியை இன்னொரு லொறியோடு ஒப்பிட்டால் சண்டைதான் வரும். அதே லொறியை, அதே ரோட்டில், அதே அளவு பாரத்தோடு, போன மாசத்து அதனோடு ஒப்பிட வேண்டும். ஹட்டன் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். அவிசாவளையோ கடல் மட்டத்துக்குக் கிட்ட. ஒரு டன்னை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே, என்ஜினில் வீணாகிற சூட்டையும் சேர்த்தால், 1 லீட்டர் டீசல் போகிறது. பத்து டன் ஏறினால் பத்து லீட்டர் உயரத்துக்கே போய்விடும். இதில் எந்த டிரைவரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகையால் ஏறும் கணக்கு, இறங்கும் கணக்கு என்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. போய் வந்த முழு டிரிப்பைத்தான் பார்க்க வேண்டும். மண்சரிவால் ரோடு அடைபட்டு நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கமாகச் சுற்றி வந்தால் ஓரத்தில் 'வழி மாறியது' என்று எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் பாவம், அந்த டிரிப் ஓட்டியவர் மேல் பழி விழும்.

இறக்கத்தில்தான் எங்களுக்குப் பெரிய மிச்சம் கிடைத்தது. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

கினிகத்தேனையில் இருந்து கித்துல்கல வரைக்கும் தொடர் இறக்கம். அங்கே நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிர். கியரில் இருக்கும்போது அக்ஸலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சில்லுதான் என்ஜினைச் சுற்றுகிறது. பழைய பம்ப்பாக இருந்தாலும் சரி, புதிய கம்பியூட்டர் என்ஜினாக இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் டீசல் வரத்து அடைபட்டுவிடும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒரு மணித்தியாலத்தில் ஒன்றிரண்டு லீட்டரை எரிக்கிறோம்.

அதைவிட முக்கியம் சூடு. பத்து டன் வண்டி ஹட்டனில் இருந்து கீழே இறங்கும்போது அந்த உயரத்தின் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். கணக்குப் போட்டால் 3 லீட்டர் டீசலை முழுசாகக் கொளுத்தினால் வருகிற சூட்டுக்கு மேல். கியரும், புகைக் குழாயை அடைத்து என்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கிற எக்ஸோஸ்ட் பிரேக்கும் பிடித்தால் அதில் பெரும்பங்கு என்ஜின் வழியாகச் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் போய்விடும். நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட அத்தனையும் பிரேக் டிரம்முக்குள். டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனர் சூடேறி வழுக்கும், மிதித்தாலும் பிடிக்காது. சில்லின் நடுவில் ஹப்பில் இருக்கும் கிரீஸ் உருகி வழியும், பெயரிங் போகும், பக்கத்து டயரும் வேகும். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் கித்துல்கலயில் நின்று ஆற்றைப் பார்க்கும்போது, எங்கள் ஆட்கள் லைனர் கருகுகிற மணம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

எங்கள் லொறிகளைத் தேடிப் பார்த்தால், ஆறில் எக்ஸோஸ்ட் பிரேக்கின் இணைப்பைக் கழற்றி விட்டிருந்தார்கள். கரி பிடித்து அடைப்பு இறுகி, ஒரு தரம் மூடியது திறக்காமல் வண்டி இழுக்காமல் போயிருக்கிறது. திருத்துவதைவிடக் கழற்றுவது சுலபம் என்று யாரோ ஒருவர் கழற்றியிருக்கிறார். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் வைத்து நாலைத் திருத்திவிட்டோம். இரண்டுக்கு மட்டும் சாமான் வாங்க வேண்டி வந்தது. டொலர் இல்லாத அந்த நேரத்தில் அதைத் தேடியே ஏழு வாரம் போனது.

மற்ற டிரைவர்மாரை நம்ப வைத்தது நான் இல்லை, அதே மூத்த அண்ணன்தான். "ஏறின கியர்லயே இறங்கு" என்று என் அப்பாவும் சொல்வார், அவரும் சொல்வார். பழையவர்கள் டீசலுக்காகச் சொன்னதில்லை, உயிருக்காகச் சொன்னது. டீசலுக்கும் அதுதான் சரி என்று கொப்பியில் தெரிந்ததும் அவரே ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய் இறங்கிக் காட்டினார். முன்பு மூன்று மாசத்துக்கு ஒரு தரம் பின் சில்லு லைனர் மாற்றினோம். இப்போது ஆறு மாசம் தாண்டுகிறது. லைனர் மாற்றுகிற ஒவ்வொரு நாளும் அந்த லொறிக்கு ஓட்டமில்லாத நாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நுவரெலியாப் பக்கம் ஓடுகிற இரண்டு லொறிகள். இரண்டும் மற்றவற்றைவிட எப்போதும் கூடுதலாகவே குடித்தன. ஏற்றம்தான் காரணம் என்று விட்டிருந்தோம். ஒரு நாள் தலவாக்கலையில் இருந்து நானுஓயா வரை நானே பக்கத்துச் சீட்டில் போனேன். அத்தனை ஏற்றத்திலும் சூட்டு முள் கீழ்க் கோட்டை விட்டு எழும்பவே இல்லை. இறங்கி பாஸிடம் கேட்டபோது, என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வை எப்போதோ கழற்றியாயிற்று என்றார். எங்கள் பக்கத்தில் இது பெரிய வழக்கம். ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கிறது என்றால் முதலில் வால்வைக் கழற்றி எறிவார்கள். கொதித்ததற்குக் காரணம் அடைபட்ட ரேடியேட்டராக இருக்கும், தளர்ந்த ஃபேன் பெல்ட்டாக இருக்கும். பழி மட்டும் வால்வுக்கு.

ஜனவரி, பெப்ரவரியில் புல் மேல் உறைபனி படிகிற ஊரில் வால்வு இல்லாத என்ஜின் நாள் முழுக்கச் சூடே ஏறாமல் ஓடும். என்ஜின் 80 பாகைக்கு மேல் சூடாகி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குளிர்ந்த என்ஜினில் டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு போய் என்ஜின் எண்ணெயில் கலக்கும். ரிங்கும் சிலிண்டரும் தேயும். இரண்டு ரேடியேட்டரையும் கழற்றி அடைப்பெடுத்து, புது வால்வு போட்டோம். அதில் ஒரு லொறி லீட்டருக்கு 3.4 கிலோமீற்றரில் இருந்து 3.8க்கு வந்தது. மற்றதற்கு ஒன்றும் மாறவில்லை. அதன் ரிங் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு வருஷம் முன்னால் யாராவது அந்த முள்ளைப் பார்த்திருந்தால் அந்த என்ஜின் பிழைத்திருக்கும். எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் அது.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர் இரவில் அரை டாங்கியோடு நிற்கிற லொறியில், டாங்கிக்குள் இருக்கும் ஈரக் காற்று வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். அது பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் விஷம். தட்டுப்பாட்டு நாட்களில் நாங்களும் கிடைத்த பரலில் எல்லாம் டீசல் சேர்த்து வைத்தோம். அந்த அழுக்கிலும் தண்ணீரிலும் இரண்டு லொறியின் நொசில்கள் போயின. இப்போது காலையில் நிரப்புவதில்லை, மாலையில் வந்ததும் நிரப்பிவிடுகிறோம். விடிய பில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்ப்பது கிளீனர் தம்பிமாரின் வேலை. போத்தலின் அடியில் தண்ணீர் கோடு தெரிந்தால் அதையும் கொப்பியில் எழுதுவார்கள்.

டயர் காற்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பின்னால் இரட்டைச் சில்லில் உள் டயரை யாரும் பார்ப்பதில்லை, கை எட்டாது. உள் டயர் இறங்கினால் வெளி டயர் முழுப் பாரத்தையும் சுமந்து வெடிக்கும். நீட்டு வால்வு வாங்கிப் போட்டோம், கம்பியால் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு அளவுக் கருவியால் பார்க்கிறோம். கொழும்பு ஸ்டோர்களில் இறக்குவதற்குக் காத்திருக்கும்போது என்ஜினை அணைப்பது, எயார் பில்டரைக் காற்றடித்துக் காகிதத்தைக் கிழிக்காமல் நேரத்துக்கு மாற்றுவது, இவையும் அப்படித்தான். நாலு லொறிக்கு ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறோம். எங்கே எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று காட்டுகிறது, நல்ல விஷயம். ஆனால் ஹப்பின் சூட்டை அது சொல்லாது. அதற்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மூத்த அண்ணன் தேத்தண்ணிக்கு முன்னால் செய்கிற முதல் வேலை அது. ஒரு சில்லு மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது, இல்லை பெயரிங் முனகுகிறது.

கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் இருந்து நடக்கிறது, இன்றும் வாரா வாரம். எங்கள் லொறி ஒரு நாள் ரோட்டில் நின்றால், அதில் இருக்கும் தேயிலை அந்த ஏலத்தின் பட்டியலுக்குத் தப்பி அடுத்ததற்குத் தள்ளிப் போகலாம். பெக்டரிக்குக் காசு பிந்தும். அந்தத் தேயிலையைப் பறித்த கைகள் எந்த லயத்து வீட்டில் இருக்கின்றன என்று எங்கள் டிரைவர்மாருக்குத் தெரியும், பாதிப் பேருக்கு அது சொந்த அக்கா, தங்கச்சி, அம்மா. லொறி நிற்கக்கூடாது என்று நாங்கள் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

நேற்று இரவு கொப்பியைப் பார்த்தபோது 7ஆம் நம்பர் கண்ணில் பட்டது. மூன்று மாசமாக 4.1, 4.2 என்று இருந்தது, கடைசி இரண்டு டிரிப்பிலும் 3.7. வழி மாறவில்லை, பாரம் அதே பாரம், டிரைவரும் அதே ஆள். புகையும் கறுப்பாக இல்லை. டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வட்டவளைக்கு இங்கால இறக்கத்துல வழக்கமா தானா உருளும் அண்ணே, இப்ப கொஞ்சம் அக்ஸலரேட்டர் மிதிக்க வேண்டியிருக்கு" என்றார். வியாழக்கிழமை டிரிப்புக்கு 9ஆம் நம்பரை மாற்றிப் போட்டுவிட்டேன். நாளை காலை பாஸ் வந்ததும் பின் இடது பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லைக் கையால் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.